முதுகு கொடுத்தவர்

கண்மணியம்மா போன மாதம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். ஆஸ்பத்திரியில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, கழுத்தில் மாலை போட்டு, கையில் ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கொடுத்து, "இருபது வருஷம் அப்பழுக்கில்லாமல் மாலிஷ் செய்த அம்மையார்" என்று பேசி அனுப்பிவிட்டார்கள். மாலிஷாம்! எனக்கு வயிறு எரிந்தது. பின்வரிசையில் இருந்த நான் எழுந்துபோய் நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கு மேடையும் ஆகாது, மைக்கும் ஆகாது. நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் பெயர் ராமலிங்கம். ஊரிகத்தில், சுரங்கக் கம்பெனி வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீடு ஒன்றில் குடித்தனம். அந்த நாளில் தங்கச் சுரங்கத்தில் டிம்பர் மேஸ்திரி. பூமிக்கு அடியில் கல் இறங்காமல் மரத்தை முட்டுக்கொடுத்து நிறுத்துகிற வேலை. என்னைப் பற்றி இப்போதைக்கு இது போதும். முதலில் அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

கண்மணியம்மா எங்கள் ஊரிலேயே, பாலகாட் சுரங்கத்துப் பக்கத்து லைனில் பிறந்தவர். ஜாதியின் பேரால் ஒதுக்கப்பட்டவர்கள் புத்தரிடம் போனார்களே, அந்த மாதிரிப் பௌத்தக் குடும்பம். அப்பா சுரங்கத்தில் கல்லைத் துளைக்கும் மெஷின் பிடித்தவர். இருபது வருஷம் பிடித்ததில் நெஞ்சு முழுக்கக் கல்தூசி. கடைசி மூன்று வருஷம் அவரால் படுக்க முடியவில்லை, படுத்தால் மூச்சு நின்றுவிடும். சாய்ந்து உட்காரலாம் என்றால் எதில் சாய்வது? லைன் வீட்டுச் சுவர் என்பது மூங்கில் தட்டியும் அதன்மேல் மண் பூச்சும்தான். ஓர் ஆள் சாய்ந்தால் தட்டியோடு பக்கத்து வீட்டு அடுப்பில் போய் விழ வேண்டியதுதான். ஆகவே வீட்டில் இருந்தவர்கள் முறை போட்டுக்கொண்டு அவருக்கு முதுகு கொடுத்தார்கள். அவர் வாசலைப் பார்த்து உட்காருவார். கண்மணியம்மா அடுப்பைப் பார்த்து உட்காருவார். முதுகோடு முதுகு ஒட்டியிருக்கும். அப்படியே அரிசி பொறுக்குவாராம், தம்பிக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பாராம்.

"அப்பா பயந்துகினா என் முதுகுக்கு மொதல்ல தெரிஞ்சிடும். நான் மெதுவா மூச்சு வுடுவேன். கொஞ்ச நேரத்துல அவருதும் மெதுவா ஆயிடும்" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். இந்தத் தொழிலுக்கு அவர் படித்த படிப்பு அவ்வளவுதான். அப்பாவைக் காப்பாற்ற முடியவில்லை. தூசி படிந்த நெஞ்சை யாராலும் காப்பாற்ற முடியாது என்பதை அவர் மறைத்துப் பேசியதே இல்லை.

சுரங்கம் சர்க்கார் கைக்கு வந்த 1956-ல் ஆஸ்பத்திரியில் ஆயாவாகச் சேர்ந்தார். மாலிஷ் ரூமில் இருந்த ஆள் வேலையை விட்டுப் போனதும், கையில் வலு இருக்கிறதே என்று இவரை அங்கே போட்டார்கள். எக்ஸ்ரே ரூமைத் தாண்டி, பின்பக்கம், ஒரே ஜன்னல். ஒரு பெஞ்சு, ஒரு பாய், எண்ணெய் காய்ச்ச ஓர் அடுப்பு. எலும்பு எது, தசைநார் எது என்று டாக்டர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். மற்றதெல்லாம் அவராகவே கண்டுபிடித்துக்கொண்டது.

அந்த அறையில் அவர் யாரையும் "என்ன ஆச்சு?" என்று கேட்கமாட்டார். நம் ஆட்களுக்குக் கதை சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். எந்த லெவல், எந்த ஷிஃப்ட், யார் செய்த தப்பு என்று ஆரம்பிப்பார்கள். "கத அப்பறம். எங்க கீது, அத்த காட்டு" என்பார். தோளைக் காட்டினால் தோளைத் தொடமாட்டார். பாதத்தைத் தொடுவார். "அங்க போறதுக்கு இங்கேர்ந்துதான் வழி" என்பார். பாதி நாள் அவர் எதையும் பிடித்துவிடக்கூட மாட்டார். நம் பின்னால் உட்கார்ந்து முதுகு கொடுத்துவிட்டுப் பேசாமல் மூச்சு விட்டுக்கொண்டிருப்பார். வீட்டுக்காரியை அழைத்து வரச் சொல்வார், அண்ணன் தம்பியை வரச் சொல்வார், அவர்களையும் முதுகோடு முதுகாக உட்காரவைப்பார். மூன்று வருஷம் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு சகோதரர்கள் அந்தப் பாயில் அப்படி உட்கார்ந்து, ஒருவர் தும்மியதில் இருவரும் சிரித்துவிட்டார்கள் என்று ஆஸ்பத்திரி முழுக்கப் பேச்சு.

யார் வந்தாலும் வரிசைதான். ஒரு ஃபோர்மேன் துரை, ஆங்கிலோ இந்தியன், இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தவர், கக்கூஸ் கழுவுகிற ஆளுக்குப் பின்னால் நிற்கவேண்டும் என்றதும் குதித்திருக்கிறார். "துரை, அவரு வலி உங்க வலிக்கு முன்னாடி வந்துடுச்சி. நான் இன்னா பண்றது?" என்று கேட்டிருக்கிறார் கண்மணியம்மா. துரை நின்றார். பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்த ஒருவரின் மனைவி, ஆச்சாரம் பார்க்கிறவர், வீட்டிலிருந்தே பாய் சுருட்டிக்கொண்டு வந்தார். "பாயும் உங்களுது, முதுகும் உங்களுது. கை மட்டும் என்னுதுங்க. பரவாயில்லியா?" என்று கேட்டாராம். அந்த அம்மா நாலாவது முறை வரும்போது பாயைக் கொண்டுவர மறந்துவிட்டார். ஐந்தாவது முறை மறக்கவும் இல்லை, கொண்டுவரவும் இல்லை.

பாத்திரக்கடைக்கார அம்மாவைச் சொல்லிவிட்டு என்னைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. சுரங்கத்துக்குள் எல்லோரும் ஒரே கேனில் தண்ணீர் குடிப்போம். மேலே வந்து குளித்துத் தலை துவட்டியதும் அவரவர் ஜாதி அவரவருக்கு ஞாபகம் வந்துவிடும். நானும் அப்படிப்பட்ட வீரன்தான். பௌத்தர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போவேன், மொய் வைப்பேன், வயிறு சரியில்லை என்று சொல்லிச் சாப்பிடாமல் திரும்புவேன்.

இனி என் கதை.

1966, பொங்கல் கழிந்து பத்தாம் நாள். ஆழத்தில் பாறை தன் கனம் தாங்காமல் வெடிக்கும். ஏர் பிளாஸ்ட் என்போம். மேலே வீடுகளில் பாத்திரங்கள் உருளும், பொம்பளைகள் சுரங்க வாயிலுள்ள ஷாஃப்ட் கேட்டுக்கு ஓடுவார்கள். அன்றைக்கு வெடித்தபோது நானும் என் ஜோடி சகாயமும் கீழே இருந்தோம். சகாயம் என்னைவிடப் பத்து வயது சின்னவன். பாட்டுப் பாடிக்கொண்டே ஆப்பு அடிப்பான். ஒரு கல் அவன் கால்மேல் விழுந்துவிட்டது. தலைக்கு மேலிருந்த குறுக்கு மரம் சரிய ஆரம்பித்தது. நான் வலது கையை மடக்கி மரத்தின் அடியில் கொடுத்து முட்டுக்கொடுத்தேன். "அண்ணே, புடிச்சிக்கோ" என்று சொல்லிக்கொண்டே அவன் காலை இழுத்தான். ஒரு பீடி பற்றவைக்கிற நேரம் இருக்கும். மறுபடியும் பூமி ஆடியது. நான் கையை இழுத்துக்கொண்டு பின்னால் குதித்தேன்.

இதுதான் நடந்தது. மரம் போனது, கல் இறங்கியது, சகாயம் போனான். என் உடம்பில் ஒரு கீறல் இல்லை.

மீட்பு ஆட்கள் கல்லை விலக்கிக்கொண்டு வர இரண்டு மணி நேரம் ஆயிற்று. அவர்கள் விளக்கைத் தூக்கிப் பார்த்தபோது நான் வேறொரு மரத்தின் அடியில் வலது கையை மடக்கி உயர்த்தியபடி நின்றிருந்தேன். எப்போது அப்படி நின்றேன், எனக்கே தெரியாது. கை இறங்கவில்லை. அப்படியேதான் ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டில் வைத்து மேலே கொண்டு வந்தார்கள். பார்த்தவர்கள் அவர்களாகவே கதையை முடித்துவிட்டார்கள். ராமலிங்கம் இரண்டு மணி நேரம் தன்னந்தனியாக மரத்தைத் தாங்கிப் பிடித்திருக்கிறான், சகாயத்தின் ஆயுசு அவ்வளவுதான், என்ன செய்வது.

நான் மறுக்கவில்லை. முதல் நாள் வாய் வரவில்லை. இரண்டாம் நாள் யூனியனில் மாலை போட்டார்கள். மூன்றாம் நாள், அடக்கத்தில், சகாயத்தின் மனைவி ஃப்ளோரா என் தூக்கிய கையைப் பிடித்து முத்தமிட்டு, "அவரு இன்னா அண்ணே சொன்னாரு?" என்று கேட்டாள். இருபத்தாறு வயதுப் பெண். நான் என்ன சொல்வேன்? "தைரியமா இருந்தான்மா. உன்னப் பத்திதான் பேசிகினு இருந்தான்" என்றேன். ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னேன். அப்படிச் சொன்ன நாக்கை அறுத்துப் போட்டிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு நம் டிம்பர் ஆட்கள் செய்த காரியம் இருக்கிறதே, அது வேறு எந்த ஊரிலும் நடக்காது. மரத்தை இறுக்கிப் பிடிக்க அடியில் அடிக்கிற ஆப்பை எடுத்துக்கொண்டு, ஷிஃப்டுக்குப் போகுமுன் என் வீட்டு வாசலுக்கு வர ஆரம்பித்தார்கள். நான் அதைத் தொட்டுக் கொடுக்க வேண்டும். தூக்கி நிற்கிற அந்தக் கையால்தான் தொட வேண்டும். தொட்ட ஆப்பு வைத்த இடத்தில் கல் இறங்காதாம். முதலில் இரண்டு பேர் வந்தார்கள். மாசி மாதத்தில் முப்பது பேர். மூத்த மேஸ்திரி ஆறுமுகம், எனக்குத் தொழில் பழக்கியவர், அவரே வந்து நின்றார். என் பெயரே போய் 'தாங்கி' என்று ஆகிவிட்டது. ஒவ்வொரு ஆப்பைத் தொடும்போதும் தோள் இன்னும் கொஞ்சம் இறுகும்.

சோறு இடது கையால். சட்டை பொத்தானை மனைவி அம்சவேணி போட்டுவிடுவாள். எக்ஸ்ரேயில் எலும்பு சுத்தமாக இருந்தது. டாக்டர் நல்ல மனிதர்தான், ஆனால் அவரும் என்ன செய்வார்? பகலில் நான் தூங்கும்போது கை துவண்டு இறங்கிக் கிடப்பதை அம்சவேணி வெள்ளந்தியாக அவரிடம் சொல்லிவிட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வைகாசியில் மெடிக்கல் போர்டு. கை இறங்கவில்லை என்றால் நான் வேலைக்கு ஆகமாட்டேன். நோயே இல்லை, நடிக்கிறான் என்று எழுதிவிட்டால் வேலையும் போய், வீடும் போய், மூன்று குழந்தைகளோடு நடுத்தெரு. ஆறு வாரம் இருந்தது. "அந்த மாலிஷ் ரூமுக்குப் போய்ப் பார்" என்று டாக்டர் அனுப்பினார்.

போனேன். வேண்டா வெறுப்பாகத்தான் போனேன். "இழுத்துகீழுத்து வுட்டுடாதே" என்றேன், ஒருமையில்.

"நான் இன்னாத்துக்கு இழுக்கப்போறேன்? ஒக்காருங்க மேஸ்திரி" என்றார். பாதத்தைத் தொட்டார், முழங்காலைத் தொட்டார், முதுகெலும்பில் உள்ளங்கையை வைத்துவிட்டு எதுவும் செய்யாமல் இருந்தார். கடைசியில் என் முழங்கையின் அடியில் தன் இரண்டு கையையும் ஏந்தினார். கீழே அமுக்கவில்லை. மேலே, கை எங்கே இருக்கிறதோ அங்கேயே, அதன் பாரத்தை வாங்கிக்கொண்டார்.

"இந்தக் கை இன்னும் வேல செஞ்சிகினு கீது. நீங்க வுட வேணாம். நான் கொஞ்ச நேரம் தாங்குறேன்."

மூன்று மாதத்தில் அந்தக் கையை எல்லோரும் இறக்கப் பார்த்தார்கள், இல்லையென்றால் கும்பிட்டார்கள். அதற்கு ஒத்தாசை செய்தவர் இவர் ஒருவர்தான். எனக்கு ஓவென்று அழுகை வந்தது. அவமானமாகிவிட்டது. எழுந்து வாய்க்கு வந்ததைத் திட்டிவிட்டு வெளியே வந்தேன். வழியெல்லாம் திட்டினேன். இரண்டு நாள் கழித்து நானே திரும்பிப் போனேன்.

அடுத்த வாரம் அம்சவேணியை அழைத்து வரச் சொன்னார். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் நானும் அவளும் அப்படி முதுகு ஒட்டி உட்கார்ந்ததில்லை. அவள் மூச்சு இவ்வளவு சின்னதாக ஓடுகிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. "எம்மா நாளா இப்படி கீது?" என்று கண்மணியம்மா அவளைக் கேட்டார். "இவரு கை தூக்குனதுலேர்ந்து" என்றாள். எனக்கு மட்டும்தான் வியாதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாலாவது வாரம் கை ஒரு சாண் இறங்கியது. மறுநாள் காலையில் இருபது ஆப்பைத் தொட்டதும் ஏறிவிட்டது. அன்றைக்கு நேராக அந்த அறைக்குப் போனேன். அடக்க முடியவில்லை. "கண்மணியம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கி கீழ இன்னா நடந்ததுன்னா..."

"சொல்லாதீங்க" என்றார்.

எண்ணெயை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எங்கிட்ட சொன்னா உங்களுக்கு லேசா ஆயிடும். லேசாயிட்டா நீங்க சொல்லவேண்டிய எடத்துக்குப் போகமாட்டீங்க. அது யாருன்னு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்."

என்ன திமிர் என்று தோன்றியது. மனுஷன் அழுதுகொண்டு வந்து நிற்கிறான், கேட்டால் காதா தேய்ந்துவிடும்? ஆனால் அவர் சொன்னது சரி. அவரிடம் கொட்டிவிட்டிருந்தால் நான் செத்தாலும் ஃப்ளோரா வீட்டுப் பக்கம் போயிருக்கமாட்டேன்.

ஃப்ளோராவும் அந்த அறைக்குத்தான் வந்துகொண்டிருந்தாள். செவ்வாயும் வெள்ளியும், எனக்கு முந்தின முறை அவளுடையது. அவளுக்குத் தொண்டையில் சோறு இறங்குவதில்லை. கஞ்சியைக்கூட வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளாம். கன்னம் ஒட்டி, ரவிக்கை தொளதொளவென்று தொங்கும். அவள் வெளியே வரும்போதெல்லாம் நான் தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். அவளைப் பற்றி என்னிடமோ, என்னைப் பற்றி அவளிடமோ கண்மணியம்மா ஒரு சொல் சொன்னதில்லை. அந்த வாய்க்கு அப்படி ஒரு பூட்டு.

போர்டுக்கு இன்னும் ஐந்து நாள். அந்த வெள்ளிக்கிழமை நான் குழாய்க்குப் பின்னால் போகவில்லை. கதவருகில் நின்று, "ஃப்ளோராகிட்ட நான் பேசணும். மூஞ்சியப் பாத்து என்னால முடியாது" என்றேன்.

கண்மணியம்மா என்னிடம் பதில் சொல்லாமல் ஃப்ளோராவிடம் திரும்பினார். "தங்கச்சி, அவரு உன் முதுகுல சாஞ்சிகினு ஒண்ணு சொல்லணுமாம். கேக்குறதும் வேணாங்கறதும் உன் இஷ்டம். நடுவுல எந்திரிச்சிப் போனாலும் போலாம்."

ஃப்ளோரா என் கையைப் பார்த்தாள். பிறகு பாயில் உட்கார்ந்தாள்.

அவள் முதுகில் வெறும் எலும்புதான் இருந்தது. கண்மணியம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து முழங்கையின் அடியில் கையை ஏந்திக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே யாரோ ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் போகும்வரை காத்திருந்தேன்.

"ஃப்ளோரா, நான் புடிச்சிகினு இல்ல. வுட்டுட்டேன்."

முதுகு அசையவில்லை.

"ரெண்டாவது தபா ஆடுனப்போ கைய இழுத்துகினு குதிச்சிட்டேன். அவன் புடிச்சிக்கோ அண்ணேன்னு சொன்னான். நான் வுட்டுட்டேன். உன்னப் பத்திப் பேசிகினு இருந்தான்னு சொன்னதும் பொய்தான். எல்லாம் பொய்."

அவள் மூச்சு நின்றது. எழுந்து போய்விடுவாள், நான் மல்லாந்து விழுவேன் என்று காத்திருந்தேன். விழுவதுதான் நியாயம் என்றும் தோன்றியது.

"எம்மா நேரம்?" என்றாள்.

"இன்னா?"

"நீ வுட்டதுக்கப்பறம். எம்மா நேரம் உயிரோட இருந்தாரு?"

"இருக்கவே இல்லம்மா. ஒரே கல்லு. நான் திரும்பிப் பாக்குறதுக்குள்ள முடிஞ்சிபோச்சி."

"ரெண்டு மணி நேரம் இல்லியா?"

"அது ஆளுங்க வர்றதுக்கு ஆன நேரம். அவன் அப்பவே பூட்டான். கத்தக்கூட இல்ல."

முதுகு விலகியது. நான் சரிந்தேன், கண்மணியம்மா பிடித்துக்கொண்டார். ஃப்ளோரா முட்டிபோட்டுத் திரும்பி இரண்டு கையாலும் என் முதுகில் குத்தினாள். அந்த உடம்பில் அவ்வளவு பலம் எங்கே இருந்ததோ. கண்மணியம்மா தடுக்கவில்லை.

"பாவி அண்ணே! நாலு மாசமா தெனம் தெனம் அவரு ரெண்டு மணி நேரம் செத்துகினு இருந்தாரு. என் கண்ணு முன்னாடி. கால் நசுங்கி, தாகத்தோட, பேசிகினே... சோத்துல கை வெச்சா அவரு தண்ணியில்லாம கெடக்குறதுதான் தெரியுது. ஊரே வந்து உன் கையக் கும்புட்டுது, நானும் முத்தம் குடுத்தேன். ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? அவரு ஒடனே பூட்டாருன்னு ஒரே ஒரு வார்த்த?"

நான் கையை ஏன் விட்டேன் என்று அவள் கேட்கவே இல்லை. மன்னித்தாளா என்றால் அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றைக்கும் சொன்னதில்லை. நான் என் கையைப் பற்றியே நாலு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் வாங்கிக்கொண்ட மாலையின் கனத்தையெல்லாம் அவள் தொண்டையில் தாங்கிக்கொண்டிருந்தாள். எனக்கு அது தோன்றக்கூட இல்லை. இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

"உங்களுக்கு முன்னயே தெரியுமா?" என்று பிற்பாடு கண்மணியம்மாவைக் கேட்டேன். "உள்ள நடந்தது எனக்கு எப்படித் தெரியும்? ரெண்டு பேரும் ஒரே மாதிரி மூச்சப் புடிச்சிகினு இருந்தீங்க. அவ்ளோதான் தெரியும்" என்றார். அதற்குமேல் பெருமை பேச அவருக்குத் தெரியாது.

மறுநாள் ஆப்போடு வந்தவர்களிடம் வாசலில் நின்று உண்மையைச் சொன்னேன். யாரும் அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. ஆறுமுகம் மேஸ்திரி தன் ஆப்பைத் துண்டில் துடைத்துக்கொண்டு போனார், ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. போர்டில் டாக்டர் என் கையைத் தூக்கிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார். தோளில் இன்னும் கொஞ்சம் பிடிப்பு இருந்ததால் இனிமேல் கீழே இறங்க வேண்டாம், மேலே மர யார்டில் வேலை என்று எழுதினார்கள். வீடு தப்பியது. "எந்தத் தேதியிலிருந்து கை இறங்கியது?" என்று கேட்டார்கள். தேதியைச் சொன்னேன். எந்த நிமிஷத்தில் என்று கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

அந்த வெள்ளிக்கிழமை, ஃப்ளோரா குத்தி ஓய்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெகுநேரம் கழித்து, "அக்கா, சாப்ட இன்னா எட்த்தாந்த?" என்று கேட்டாள். கண்மணியம்மா தூக்கைத் திறந்தார். கேழ்வரகுக் களி, கீரைக் குழம்பு. மூடியையே தட்டாக்கி வைத்தார். ஃப்ளோரா ஒரு வாய் பிட்டுக் குழம்பில் தோய்த்து வாயில் போட்டாள். நாங்கள் இருவரும் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். இறங்கியது. இன்னொரு வாய். அதுவும் இறங்கியது. கண்மணியம்மா எழுந்துபோய் ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டார். அவர் தோள் குலுங்கியதை நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

ஃப்ளோரா பாதி சாப்பிட்டுவிட்டு மீதியை என் பக்கம் நீட்டினாள். முகம் இன்னும் கோபமாகத்தான் இருந்தது. "நீயும் துன்னு" என்றாள். யார் வீட்டு அடுப்பில் வெந்தது என்ற எண்ணமெல்லாம் எனக்கு வரவே இல்லை. நீட்டியதை வாங்கினேன். இரண்டு கையாலும் வாங்கியிருக்கிறேன் என்பதைத் தட்டு மடிக்கு வந்த பிறகுதான் பார்த்தேன்.